கழகக் கிண்ணமும் மறு ஆட்டமும்

1971-ஆம் ஆண்டிலே, தாய்லாந்தின் தலைநகராகிய பாங்கொக்கில், ஆசியக் கண்டத்தின் தலைசிறந்த உதைபந்தாட்டக் கழகம் எதுவென்பதைத் தீர்மானிக்கும் சுற்றுப்போட்டி நடைபெற்றது. இறுதி ஆட்டத்திற்கு இரண்டு கழகங்கள் தகுதி பெற்றன. ஒன்று இஸ்ரேலின் மக்காபி டெல் அவீவ். மற்றொன்று ஈராக்கியப் பொலிஸாரின் கழகமாகிய ஆலியாத் அல்-ஷுர்த்தா. ஈராக்கிய அணியினர் இறுதி ஆட்டத்தை ஆட மறுத்துவிட்டனர். பந்து உதைபடவில்லை, கோல் எதுவும் விழவில்லை, கிண்ணம் மாத்திரம் மக்காபி கழகத்துக்கு வழங்கப்பட்டது. அத்துடன் அந்தச் சுற்றுப்போட்டியே நின்றுபோயிற்று. மீண்டும் ஆசியக் கழகங்கள் ஒரு கிண்ணத்துக்காக ஒன்றுகூடுவதற்குப் பதினான்கு ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

இதே நோக்கத்தோடு ஐரோப்பாவில் 1955-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கழகக் கிண்ணப் போட்டியோ ஓராண்டேனும் தடைப்படாமல் வளர்ந்து, இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கண்டு மகிழும் பெருவிழாவாக நிலைபெற்றுள்ளது. ஒரே எண்ணம், ஒரே விளையாட்டு, ஏறத்தாழ ஒரே காலம். ஒன்று வேரூன்றிற்று, மற்றது நான்காவது முறையோடு பட்டுப்போயிற்று. இதற்குப் பணமே காரணம் என்று கூறுவோர் உளர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் இவ்விரு போட்டிகளின் தொடக்க ஆண்டுகளை அருகருகே வைத்து நோக்குவோருக்கு வேறொரு காரணமும் புலப்படும். அது பணத்தைவிடப் பழைமையானது. நம் கரையோரச் சிற்றூர்களுக்கும் நன்கு பழக்கமானது.

முதலில் கழகம் என்றால் என்னவென்று தெளிந்துகொள்ளுதல் நன்று. உலகக் கிண்ணத்தில் ஆடுவன நாடுகளின் அணிகள். ஒரு நாட்டின் பல இடங்களிலிருந்தும் சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கியெடுத்துச் சில வாரங்கள் பயிற்றி அனுப்புவதே நாட்டணி. கழகம் அத்தகையதன்று. அது ஓர் ஊரையோ, ஒரு தொழிற்சாலையையோ, ஒரு தெருவையோ சார்ந்து, ஆண்டுதோறும் ஒன்றாகப் பயின்று ஒன்றாக ஆடிவருவது. அதற்குச் சொந்த மைதானம் உண்டு; அந்த மைதானத்துக்கு வாரந்தோறும் வருகின்ற சொந்த மக்கள் உண்டு. ஆகவே இரு நாடுகளின் கழகங்கள் மோதும்போது எழும் ஆர்வம், நாட்டுப் பற்றும் ஊர்ப் பற்றும் ஒன்றாய்க் கலந்த ஓர் ஆர்வமாகும்.

ஐரோப்பியக் கிண்ணம் பிறந்த கதை ஒரு வீண்பெருமையிலிருந்து தொடங்குகிறது. 1950-களின் தொடக்கத்தில் உதைபந்தாட்ட உலகின் உச்சியில் நின்ற நாடு ஹங்கேரி. 1953 நவம்பரில் இலண்டன் வெம்பிளி மைதானத்தில் ஹங்கேரி நாட்டணி இங்கிலாந்தை 6க்கு 3 என்று வென்றது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் புடாபெஸ்டில் 7க்கு 1 என்று மீண்டும் வென்றது. விளையாட்டைப் பெற்றெடுத்த நாட்டினருக்கு இது பெரும் தலைக்குனிவு. அந்த ஹங்கேரி அணியின் முதன்மை ஆட்டக்காரர் பலரைக் கொண்டிருந்த ஹொன்வெத் என்னும் கழகம் 1954 டிசெம்பர் 13-ஆம் நாள் இங்கிலாந்தின் வுல்வர்ஹம்ப்ரன் நகருக்கு வந்து, அந்நகரின் வுல்வ்ஸ் கழகத்தோடு மின்னொளியில் ஆடிற்று. முதற் பாதியில் ஹங்கேரியக் கழகம் இரண்டு கோல்களால் முன்னணியில் நின்றது. சேறாகிக் கிடந்த மைதானத்தில் பிற்பாதியிலே வுல்வ்ஸ் மூன்று கோல்களைப் போட்டு 3க்கு 2 என்று வென்றது. மறுநாள் ஆங்கிலச் செய்தித்தாள்களில் சில, வுல்வ்ஸ் கழகமே உலகின் தலைசிறந்த கழகம் என்று முழங்கின.

இம்முழக்கத்தை ஏற்காத ஒருவர் பாரிஸ் நகரில் இருந்தார். அவர் பெயர் கப்ரியேல் ஹனோ. தம் இளமையில் பிரான்சு நாட்டணிக்கு ஆடியவர். பின்னர் லெக்கிப் என்னும் விளையாட்டு நாளிதழில் ஆசிரியப் பணி புரிந்தவர். தன் சொந்த மைதானத்தில் ஒருநாள் பெற்ற வெற்றியை வைத்துக்கொண்டு உலக முதன்மை கோருதல் தகாது. வுல்வ்ஸ் கழகம் புடாபெஸ்டுக்கும் மொஸ்கோவுக்கும் சென்று ஆடி வரட்டும், பிறகு பார்ப்போம் என்பதே அவர் எழுதியதன் சாரம். மிலான், மட்றிட் முதலிய இடங்களிலும் சிறந்த கழகங்கள் உள்ளன என்பதை அவர் நினைவூட்டினார். அத்துடன் நில்லாமல், ஐரோப்பியக் கழகங்கள் யாவும் ஒன்றன் ஊருக்கு மற்றொன்று சென்று ஆடத்தக்க ஒரு போட்டிக்கான திட்டத்தையும் அவரும் அவருடைய தோழர் ஜாக் பெரான் முதலியோரும் வகுத்து வெளியிட்டனர். இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அப்போட்டிக்கு வித்திட்டது, வந்தவன் ஊருக்கு நீயும் போய் ஆடு என்னும் எளிய கோரிக்கையே.

கழகங்களைக் கண்டம் தழுவி ஒன்றுகூட்டும் முயற்சி அதற்கு முன்பும் நடந்ததுண்டு. 1948-இல் சிலி நாட்டின் சந்தியாகோ நகரில் தென்னமெரிக்க நாடுகளின் ஏழு முதன்மைக் கழகங்கள் கூடி ஆடின. பிரேசிலின் வாஸ்கோ ட காமா கழகம் வென்றது. ஆயின் ஒரே நகரில் வாரக்கணக்காகக் கூடியாடும் அந்த ஏற்பாடு மறுமுறை நடைபெறவில்லை. 1960-இல் தென்னமெரிக்காவில் தோன்றி இன்றுவரை நிலைத்திருக்கும் லிபர்ட்டடோரஸ் கிண்ணம், ஊர் மாறி ஊர் சென்று ஆடும் முறையிலேயே தொடங்கிற்று. ஒரே இடத்தில் கூடிக் கலைவதற்கும், ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதற்கும் உள்ள வேறுபாடு இதனாலும் விளங்கும்.

1955 ஏப்ரல் மாதத்தில் பாரிஸ் நகர விடுதியொன்றில் கழகங்களின் பேராளர்கள் கூடினர். அழைப்பு விடுத்தது நாளிதழே. கழகங்களைத் தெரிவு செய்ததும் அதுவே. உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இதற்கு இசைவளித்தபோது, போட்டியை ஐரோப்பிய உதைபந்தாட்ட ஒன்றியம் நடத்தவேண்டும் என்றும், அந்தந்த நாட்டுச் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும் என்றும் விதித்தது. அவ்வொன்றியம் தோன்றி அப்போது ஓராண்டே ஆகியிருந்தது. இவ்வாறு நாளிதழின் ஊக்கம், கழகங்களின் விருப்பம், சங்கங்களின் ஒப்புதல் என்னும் மூன்றும் ஆட்டம் தொடங்குமுன்னரே ஒன்றாய்ப் பிணைக்கப்பட்டன.

போட்டியின் அமைப்பு இதுதான். பதினாறு கழகங்கள், எட்டுச் சோடிகள். ஒவ்வொரு சோடியும் இருமுறை மோதும்; முதல் ஆட்டம் ஒருவர் ஊரில், மறு ஆட்டம் மற்றவர் ஊரில். ஈராட்டங்களிலும் விழுந்த கோல்களைக் கூட்டிப் பார்த்து, மிகுதியாகப் போட்ட கழகம் அடுத்த சுற்றுக்குச் செல்லும். இறுதி ஆட்டம் மாத்திரம் முன்கூட்டியே குறித்த ஒரு நகரில், ஒரே முறை நடைபெறும்.

இம்முறையின் நுட்பத்தை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். 1955 டிசெம்பர் 25-ஆம் நாள், நத்தார் தினத்தன்று, ஸ்பெயினின் றியல் மட்றிட் கழகம் தன் ஊரில் யூகோசிலாவியாவின் பார்ட்டிசான் கழகத்தை 4க்கு 0 என்று வென்றது. ஒரே ஆட்டமாயின் அத்துடன் பேச்சு முடிந்திருக்கும். ஆனால் 1956 ஜனவரி 29-ஆம் நாள், பனி மூடிக் கிடந்த பெல்கிரேட் மைதானத்தில் மட்றிட் வீரர்கள் கால் வழுக்கித் தடுமாற, பார்ட்டிசான் 3க்கு 0 என்று வென்றது. இன்னுமொரு கோல் விழுந்திருப்பின் சமநிலை. கூட்டுத்தொகையில் 4க்கு 3 என்னும் ஒற்றைக் கோல் வேறுபாட்டில் மட்றிட் தப்பிப் பிழைத்தது. வெயிலில் வென்றவன் பனியிலும் நின்று காட்டவேண்டும். தன் மக்கள் முன்னிலையில் வென்றவன் பிறர் மக்கள் முன்னிலையிலும் தலைநிமிர்ந்து நிற்கவேண்டும். மறு ஆட்டத்தின் நீதி இதுவே.

இந்த ஒரு சோடி ஆட்டத்தில் விளையாட்டுக்கு அப்பாற்பட்ட செய்தியும் அடங்கியிருந்தது. அக்காலத்தில் ஸ்பெயின் ஜெனரல் பிராங்கோவின் ஆட்சியிலும், யூகோசிலாவியா மார்ஷல் டிட்டோவின் பொதுவுடைமை ஆட்சியிலும் இருந்தன. இரு நாடுகளுக்கும் இடையே இராசதந்திரத் தொடர்பே கிடையாது. 1977-ஆம் ஆண்டிலேதான் அத்தொடர்பு ஏற்பட்டது. அங்ஙனமிருந்தும் பெல்கிரேட் வீரர்கள் மட்றிட்டுக்குச் சென்றனர். மட்றிட் வீரர்கள் பெல்கிரேட்டுக்குச் சென்றனர். தூதுவர்கள் செல்லாத இரு தலைநகரங்களுக்கிடையே இருபது இருபத்தைந்து விளையாட்டு வீரர்கள் சென்று வந்தனர்.

முதற் பருவத்தில் குறைகளும் இல்லாமலில்லை. இங்கிலாந்தின் முதன்மைக் கழகமாயிருந்த செல்சி, அந்நாட்டு லீக் நிருவாகத்தினரின் வற்புறுத்தலால் விலகிக்கொண்டது. வெளிநாட்டுப் பயணங்கள் உள்நாட்டு ஆட்டங்களைக் குலைக்கும் என்பது அவர்களுடைய வாதம். செல்சியின் இடத்தைப் போலந்தின் குவார்டியா வார்சா நிரப்பியது. பங்குபற்றியோர் அனைவரும் தத்தம் நாட்டின் முதன்மைக் கழகத்தாரும் அல்லர். 1955-இல் ஸ்கொட்லாந்தின் முதன்மை பெற்றது அபர்டீன். ஆயின் ஆட வந்ததோ ஹிபேர்னியன். சுவீடனின் யூர்கார்டன் கழகத்தின் ஊரிலோ நவம்பர் மாதக் குளிரில் மைதானம் ஆடத்தக்கதாக இல்லை. அதனால் அது ஹிபேர்னியனுக்கு எதிரான தன் சொந்த ஊர் ஆட்டத்தையும் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே ஆடவேண்டியதாயிற்று.

இன்னொரு விந்தையும் உண்டு. போருக்குப் பின் ஜெர்மனியிலிருந்து பிரிந்து நின்ற சார் என்னும் சிறு நிலப்பகுதிக்கு அப்போது தனி உதைபந்தாட்டச் சங்கம் இருந்தது. அதன் சார்பில் ஆட வந்த சார்புரூக்கன் கழகம், மிலான் கழகத்தை அதன் சொந்த ஊரிலேயே 4க்கு 3 என்று வென்றது. மறு ஆட்டத்தில் மிலான் 4க்கு 1 என்று வென்று முன்னேறிற்று. 1957-இல் அப்பகுதி மேற்கு ஜெர்மனியோடு இணைந்துவிட்டது. ஆனால் மிலான் நகரத்தில் பெற்ற அந்த ஒருநாள் வெற்றி அச்சிறு கழகத்தின் பெயரை வரலாற்றில் நிலைநிறுத்திவிட்டது. சிறியவனுக்கும் ஒருநாள் உண்டு. பெரியவனுக்கும் மறுநாள் உண்டு என்பதை இரட்டை ஆட்டம் இவ்வாறு காட்டிற்று.

முதன்முதலாக ஆடப்பட்ட ஆட்டம் 1955 செப்டெம்பர் 4-ஆம் நாள் லிஸ்பன் நகரில் நடைபெற்றது. போர்த்துக்கலின் ஸ்போர்ட்டிங் கழகமும் பார்ட்டிசானும் 3க்கு 3 என்று சமநிலை எய்தின. இறுதி ஆட்டம் 1956 ஜூன் 13-ஆம் நாள் பாரிஸ் நகரின் பார்க் தே பிரான்ஸ் மைதானத்தில் 38,000-க்கும் மேற்பட்ட மக்கள் முன்னிலையில் நடைபெற்றது. ஆடியவை பிரான்சின் றீம்ஸ் கழகமும் றியல் மட்றிட்டும். பத்தே நிமிடங்களில் றீம்ஸ் இரண்டு கோல்களைப் போட்டது. டி ஸ்டெபனோ ஒன்றும் ரியால் ஒன்றும் போட்டு மட்றிட்டைச் சமநிலைக்குக் கொணர்ந்தனர். இடைவேளைக்குப் பின் இடால்கோ மீண்டும் றீம்ஸ் கழகத்தை முன்னணியில் நிறுத்தினார். காப்பாளராகிய மார்க்கித்தோஸ் தம் இடத்தைவிட்டு முன்னேறிச் சென்று மட்றிட்டுக்கு மூன்றாவது கோலைப் பெற்றுத் தந்தார். 79-ஆம் நிமிடத்தில் ரியால் போட்ட கோலால் மட்றிட் 4க்கு 3 என்று வென்றது. அது முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து முறை கிண்ணம் மட்றிட்டுக்கே சென்றது. முதற் பருவத்தில் விலகி நின்ற இங்கிலாந்திலிருந்து, அடுத்த பருவத்திலேயே மான்செஸ்டர் யுனைட்டெட் கழகம் லீக் நிருவாகத்தின் விருப்பத்தையும் மீறி வந்து சேர்ந்தது. அண்டை வீட்டில் விருந்து நடக்கும்போது கதவை அடைத்துக்கொண்டிருப்பது எத்தனை நாளைக்கு இயலும்?

இனி ஆசியாவின் கதைக்கு வருவோம். ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் ஆதரவில் முதலாவது ஆசியக் கழகச் சுற்றுப்போட்டி 1967 டிசெம்பரில் பாங்கொக்கில் நடைபெற்றது. இறுதி ஆட்டத்தில் இஸ்ரேலின் ஹப்போயல் டெல் அவீவ், மலேசியாவின் சிலாங்கூர் அணியை 2க்கு 1 என்று வென்றது. இரண்டாவது போட்டி 1969 ஜனவரியில் மீண்டும் பாங்கொக்கிலேயே நடைபெற்றது. இம்முறை இந்தியாவிலிருந்து மைசூர் மாநில அணி வந்து ஆடி, நான்காம் இடத்தைப் பெற்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானின் தோயோ கோக்யோ அணி மைசூரை 2க்கு 0 என்று வென்றது. இறுதி ஆட்டத்தில் மக்காபி டெல் அவீவ் தென் கொரியாவின் யாங்ஜி அணியை 1க்கு 0 என்று வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது.

இவ்வணிகளின் பெயர்களைக் கேட்போருக்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பே. மைசூர் என்பது கழகமா, மாநிலமா? உண்மையில் அது மாநில அணியே. இந்தியாவில் அக்காலத்தில் நாடு முழுவதையும் தழுவிய கழக லீக் இல்லை. அது 1996-இல்தான் தோன்றிற்று. ஆகவே மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கிண்ணத்தில் வாகை சூடிய அணியே இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. 1969-இல் மைசூரும், 1970-இல் வங்காளமும், 1971-இல் பஞ்சாபும் இவ்வாறு சென்றன. மலேசியாவின் சிலாங்கூரும் பேராக்கும் மாநிலச் சங்க அணிகளே. தோயோ கோக்யோ என்பது ஹிரோஷிமாவில் மோட்டார் வாகனம் செய்யும் தொழிற்சாலையின் அணி. மஸ்டா என்னும் வாகனப் பெயரால் அந்நிறுவனத்தை இன்று பலரும் அறிவர். 1965-இல் தொடங்கிய ஜப்பானிய லீக்கில் முதல் நான்கு ஆண்டுகளும் வென்றது அவ்வணியே. தாய்லாந்தின் சார்பில் பாங்கொக் வங்கியின் அணி ஆடிற்று. ஹொங்கொங்கிலிருந்து கவுலூன் நகரப் பேருந்துக் கம்பனியின் அணி வந்தது. யாங்ஜி அணியோ, 1966 உலகக் கிண்ணத்தில் வட கொரியா கால் இறுதிவரை முன்னேறியதைக் கண்டு, 1967-இல் தென் கொரிய உளவுத்துறையால் அமைக்கப்பட்டது.

வங்கி ஊழியர், பேருந்துத் தொழிலாளர், பொலிஸார், மாநிலப் பிரதிநிதிகள் என்று இப்படி ஒரே மைதானத்தில் கூடிய காட்சி நகைப்புக்குரியதன்று. அக்கால ஆசியாவில் உதைபந்தாட்டம் உண்மையாக எங்கெங்கே வாழ்ந்ததோ, அங்கிருந்தெல்லாம் ஆட்டக்காரர்கள் வந்தார்கள் என்பதையே அது காட்டுகிறது. குறை அவர்களிடம் இல்லை. போட்டி அமைந்த முறையில் இருந்தது.

ஆசியப் போட்டி முழுவதும் ஒரே நகரில், இரண்டு வாரங்கள் அளவில் நடந்து முடிந்தது. நான்கு முறைகளில் மூன்று முறை பாங்கொக்கிலும், ஒருமுறை, அதாவது 1970-இல், ஈரானின் தெஹ்ரானிலும் நடைபெற்றது. மைசூர் அணி தோயோ கோக்யோவோடு ஆடிற்று. ஆனால் பெங்களூர் மக்கள் அந்த ஜப்பானியரைக் கண்ணாற் காணவில்லை. ஹிரோஷிமா மக்களும் மைசூர் வீரர்களைக் காணவில்லை. செய்தித்தாளின் ஒரு மூலையில் எண்களாக மாத்திரமே அவ்வாட்டம் ஊருக்குத் திரும்பிற்று. தான் காணாத ஆட்டத்துக்காக எந்த ஊரும் வரிந்துகட்டிக்கொண்டு நிற்பதில்லை. போட்டி நின்றபோது அதைக் கேட்டு எந்த ஊரும் குரலெழுப்பவில்லை என்றால், அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

நியாயம் கருதி ஒன்றைச் சொல்லவேண்டும். ஆசியா பரந்த கண்டம். பாரிஸ் நகருக்கும் மட்றிட்டுக்கும் வான்வழித் தூரம் ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர். டெல் அவீவுக்கும் பாங்கொக்குக்குமோ ஏறத்தாழ 7,000 கிலோமீற்றர். தொழிற்சாலையிலும் வங்கியிலும் வேலை பார்த்துக்கொண்டு மாலைநேரத்தில் பந்தாடியவர்களுக்கு அத்தகைய பயணத்தை ஓர் ஆண்டில் ஏழெட்டு முறை மேற்கொள்ளுதல் எங்ஙனம் இயலும்? விமானக் கட்டணத்தை யார் செலுத்துவது? ஒரே இடத்தில் கூடுதல் அன்று அவர்களுக்குக் கைகூடிய ஒரே வழியாக இருந்திருக்கலாம். அவ்வழியின் விலையே ஊர்மக்களின் ஒட்டுறவின்மை.

இரண்டாவது குறை இதனினும் ஆழமானது. 1970-இல் தெஹ்ரானில் நடந்த போட்டியின் அரையிறுதியில் பெய்ரூத் நகரின் ஹொமனெற்மன் கழகம் ஹப்போயல் டெல் அவீவோடு ஆட மறுத்தது. ஹப்போயல் ஆடாமலே இறுதிக்குச் சென்றது. இறுதி ஆட்டத்தில் ஈரானின் தாஜ் கழகம் மேலதிக நேரத்தில் 2க்கு 1 என்று அதை வென்றது. தாஜ் என்பதே இன்று எஸ்தெக்லால் என்று வழங்கும் கழகம். மறு ஆண்டு பாங்கொக்கில் நடந்ததைத் தொடக்கத்திலே கண்டோம். 1967 ஜூன் மாத யுத்தத்தின் காயம் ஆறாத காலம் அது. பலஸ்தீன மக்கள் வீடிழந்து நின்ற வேளையில் அந்நாட்டு அணியோடு கைகுலுக்கிப் பந்தாடுதல் தமக்குத் தகாது என்று பெய்ரூத்தாரும் பக்தாத்தாரும் கொண்டனர். அது அவர்தம் மனச்சாட்சியின் தீர்ப்பு. கிண்ணத்தைத் துறந்தேனும் ஒரு கொள்கையைக் காத்தவர்களை இகழ்தல் அறமாகாது.

ஆயின் போட்டியை அமைத்தவர்களிடம் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. யார் யாரோடு ஆடுவர், யார் யாரோடு ஆடார் என்பதை முன்னரே கேட்டறிந்து, அதற்கொரு வழி வகுத்தார்களா? முதல் மறுப்பு 1970-இல் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டே அதனினும் பெரிய மறுப்பு இறுதி ஆட்டத்தில் நிகழ்ந்தது. இடைப்பட்ட காலத்தில் வழி காணப்படவில்லை என்பதையே இது உணர்த்துகிறது. ஐரோப்பாவிலும் அரசியல் மறுப்புகள் எழாமலில்லை. 1968-இல் சோவியத் படைகள் செக்கோஸ்லவாக்கியாவுக்குள் புகுந்தபோது, ஐரோப்பிய ஒன்றியம் முதற்சுற்றுச் சோடிகளைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்து மாற்றியது. அதை ஏற்க மறுத்து சோவியத் ஒன்றியம், போலந்து, ஹங்கேரி, பல்கேரியா, கிழக்கு ஜெர்மனி ஆகிய நாடுகளின் கழகங்கள் விலகிக்கொண்டன. அவ்வளவு பெரிய பிளவு நேர்ந்தும் அந்தப் பருவம் முடிவுவரை ஆடப்பட்டது. அதற்குள் அப்போட்டிக்குப் பதின்மூன்று ஆண்டு வேர் இருந்தது. ஆண்டுதோறும் புதன்கிழமை இரவுகளில் அயலூர்க் கழகத்தின் வரவை எதிர்பார்த்துப் பழகிய நகரங்கள் பல இருந்தன. ஆசியக் கிண்ணத்துக்கு அத்தகைய நகரம் பாங்கொக்கைத் தவிர வேறொன்று இல்லை.

1974-இல் இஸ்ரேல் ஆசியக் கூட்டமைப்பிலிருந்து விலக்கப்பட்டது. 1994-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் முழு உறுப்புரிமையைப் பெற்றது. ஆசியக் கழகப் போட்டியோ 1985-இல் புத்துயிர் பெற்றது. இம்முறை அமைப்பு மாறியிருந்தது. கண்டம் முழுவதையும் ஒரே நகருக்கு அழைக்காமல், முதலில் வலயம் வலயமாக ஆடி, வென்றவர் மாத்திரம் இறுதிக் கட்டத்துக்குச் செல்லும் முறை வகுக்கப்பட்டது. நம் வலயத்தின் ஆட்டங்கள் 1985-இல் கொழும்பிலேயே நடைபெற்றன. இலங்கையின் சோண்டர்ஸ் கழகம் உட்பட அயல்நாட்டுக் கழகங்கள் அங்கு மோதின. கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகம் வாகை சூடிற்று. 1986 ஜனவரியில் சவூதி அரேபியாவின் ஜித்தாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவின் தேவூ ரோயல்ஸ், சவூதியின் அல்-அஹ்லியை வென்று கிண்ணத்தைப் பெற்றது. அது முதல் ஆசியக் கழகக் கிண்ணம் நிலைத்துவிட்டது. 2002-03 பருவத்தில் சாம்பியன்ஸ் லீக் என்னும் புதுப்பெயர் பெற்ற அப்போட்டியில் முதலாவதாக வென்றது ஐக்கிய அரபு அமீரகத்தின் அல்-ஐன். அதன் இறுதிப் போட்டி இரண்டு ஆட்டங்களாக நடைபெற்றது. ஒன்று அல்-ஐனில், மற்றொன்று பாங்கொக்கில். பழைய பாங்கொக் நகரமே, இம்முறை தானும் விருந்தினராகச் சென்று, தன் விருந்தினரையும் வரவேற்றது.

இவையெல்லாம் தூரதேசத்துச் செய்திகள் என்று தோன்றலாம். ஆனால் கல்முனையிலிருந்து பொத்துவில் வரை செல்லும் கரையோரப் பெருந்தெருவில் பயணம் செய்வோர், காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் என்று ஊருக்கு ஊர் மைதானத்தைக் காண்பர். மாலை வேளைகளில் பந்தின் ஒலியைக் கேட்பர். முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் சங்கிலிக் கண்ணிகள் போல மாறி மாறி அமைந்த கரை இது. இங்கும் ஓர் அணி அயலூருக்கு ஆடச் சென்றால், அவ்வூரார் பின்னொருநாள் இவ்வூருக்கு ஆட வரவேண்டும் என்பது எழுதாத சட்டம். சென்றவர்க்குத் தேநீரும், வந்தவர்க்கு இளநீரும் கொடுப்பது அதனோடு சேர்ந்த வழக்கம்.

போர் நிகழ்ந்த ஆண்டுகளில் இவ்வழக்கம் பல இடங்களில் அற்றுப்போயிற்று. இரண்டு கட்டை தூரத்திலுள்ள ஊருக்குப் போவதற்கே பெற்றோர் பிள்ளைகளைத் தடுத்த காலம் ஒன்று இருந்தது. அடுத்த ஊரின் மைதானத்தைத் தம் இளமையில் ஒருமுறையேனும் மிதியாமலே வளர்ந்த ஒரு தலைமுறை இக்கரையில் உண்டு. 2009-இல் போர் முடிந்தபின் சுற்றுப்போட்டிகள் பெருகியுள்ளன. வெற்றிக் கிண்ணங்களும் பரிசுத் தொகைகளும் பெருத்துள்ளன. பல அணிகளை ஒரே மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மூன்று நாட்களில் ஆட்டங்களை முடித்து, ஒளிப்படம் எடுத்துக்கொண்டு கலைவது எளிது. அதுவும் நல்லதே. ஆனால் அது பாங்கொக்கின் முறை. அழைத்தவர் ஊரை அனைவரும் காண்பர். அழைக்கப்பட்டவர் ஊரை எவரும் காணார்.

ஓர் ஊரின் பிள்ளைகள் மற்றோர் ஊருக்குச் சென்று, அங்குள்ள மக்களின் ஆரவாரத்துக்கிடையே தோற்றோ வென்றோ திரும்பி, அடுத்த மாதம் அதே அணியைத் தம் ஊரில் வரவேற்பதற்குச் செலவு கூடுதலாகும்; சிரமமும் கூடுதலாகும். வழியில் யாரேனும் மறுப்புச் சொன்னால் அதைக் கேட்டு, காரணம் அறிந்து, மறுபடி பேசவும் வேண்டியிருக்கும். மட்றிட்டுக்கும் பெல்கிரேட்டுக்கும் இடையே அரசுகள் பேசிக்கொள்ளாத நாட்களிலும் அது இயன்றது. பனியில் வழுக்கி விழுந்த மட்றிட் வீரர்கள் அன்று மூன்று கோல்களால் தோற்றார்கள். ஆயினும் அந்தப் பயணத்தை அவர்கள் மேற்கொண்டிராவிடின், பாரிஸ் நகரில் அவர்கள் உயர்த்திய கிண்ணத்துக்கு மதிப்பே இருந்திராது. ஊர்ச் சுற்றுப்போட்டிகளை ஒழுங்கு செய்யும் இளைஞர்கள் அடுத்த நிரலை வரையும்போது, ஒவ்வோர் ஆட்டத்தின் எதிரிலும் மறு ஆட்டத்துக்கு ஒரு நாளையும் ஓர் ஊரையும் குறித்துவைப்பார்களாயின், அந்நிரல் கிண்ணம் வழங்கும் நாளோடு முடிந்துவிடாது.